‘மேஸ்திரி பாடு’ என்று ஒதுங்க முடியாது

பெண்ணாடம் கடைவீதியில், இறையூர்ப் பக்கத்து டீக்கடையில், திட்டக்குடி பஸ் நிறுத்தத்தில் என்று விவசாயிகள் நாலு பேர் கூடும் இடமெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்கலாம். “வேலைய மேஸ்திரிகிட்டப் பேசி விட்டாச்சு. ஆள் கூட்டியாறது அவரு, கூலி குடுக்கறது அவரு. எவனாச்சும் விழுந்தா அது மேஸ்திரி பாடு. நிலத்துக்காரன் என்ன பண்ணுவான்?” மாட்டுக் கொட்டாய்க்கு ஷீட் மாற்றுகிறவர் இதைச் சொல்கிறார். போர் போடுகிறவர் சொல்கிறார். பழைய ஓட்டு வீட்டை இடித்து மெத்தை வீடு எடுக்கிறவரும் சொல்கிறார். விபத்து நடந்த பிறகு சமாதானம் பேச வரும் ஊர்ப் பெரியவர்கள் இதையே கொஞ்சம் மரியாதையான சொற்களில் சொல்கிறார்கள். பல மேஸ்திரிகளே இதை ஒப்புக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறார்கள்.

இந்தக் கருத்து பிழையானது. உழவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதலாக இது ஊரில் நிலைத்துவிட்டது. இதைச் சொல்வதால் என்னை விவசாயிகளுக்கு எதிரானவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நானும் உழவுக் குடும்பத்துக்காரன்தான். சொந்த ஜனத்திடம் சொல்ல வேண்டியதைச் சொந்த ஜனம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த ஒப்பந்தம் என்னவென்று பார்ப்போம். நம் பக்கத்துக் கிராமங்களில் நடப்பது பெரும்பாலும் லேபர் காண்ட்ராக்ட். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி மட்டும்தான் பேச்சு. சிமெண்ட், செங்கல், கம்பி, ஜல்லி, எம்.சாண்ட் எல்லாம் நிலத்துக்காரர் வாங்கிப் போடுவது. மேஸ்திரி கொண்டுவருவது கரண்டி, மட்டக்கோல், தூக்குக்குண்டு, ஏழெட்டு ஆட்கள். சாரம் கட்டச் சவுக்கு வேண்டுமென்றால், “கொல்லையில பழைய சவுக்கு கெடக்கு, அதையே எடுத்துக்கங்க” என்பார் வீட்டுக்காரர். அந்தச் சவுக்கு எத்தனை மழையில் நனைந்தது, எந்த முனை செல்லரித்தது என்று பார்ப்பார் இல்லை. தளம் என்றைக்குப் போடுவது என்பதை அவர் வீட்டுக் காலண்டர் தீர்மானிக்கும். வெள்ளிக்கிழமை நல்ல நாள், வளர்பிறை, அதற்குள் முடித்தாக வேண்டும். சென்ட்ரிங் தட்டுக்கும் முட்டுக்கும் நாள் வாடகை ஓடுகிறது, சீக்கிரம் பிரியுங்கள் என்று அவசரப்படுத்துவதும் அவரே. சனிக்கிழமை பட்டுவாடாவுக்குப் பணம் வருவதும் வராததும் அவர் கையில்.

பொருள் அவருடையது, இடம் அவருடையது, நாள் அவருடையது, பணம் அவருடையது. மேஸ்திரி கையில் மிஞ்சுவது உழைப்பு மட்டும். இந்த நிலையில் மேஸ்திரியை ‘ஒப்பந்ததாரர்’ என்று அழைப்பது அவருக்குக் கொடுக்கும் மரியாதையாகத் தெரியலாம். உண்மையில் அவரும் ஒரு கொத்தனார்தான். மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் கூலி வாங்கிக்கொண்டு, சாயங்காலம் கணக்குப் பார்ப்பவர். நாளைக்கு யாராவது விழுந்து முதுகெலும்பு ஒடிந்தால் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற அவரிடம் என்ன இருக்கிறது? அடுத்த வீட்டு வேலையில் கிடைக்கும் அட்வான்ஸ் மட்டும். பொறுப்பைத் தாங்க முடியாதவர் தலையில் தெரிந்தே அதைத் தூக்கி வைத்துவிட்டு, இறக்கிவிட்டதாகச் சொல்வது நியாயமாகுமா?

சென்ட்ரிங் பிரிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ். 456, தளத்தின் அகலம் நாலரை மீட்டருக்குள் இருந்தால் முட்டுகளை 7 நாளாவது விட்டுவைக்கச் சொல்கிறது. அதற்கு மேல் போனால் 14 நாள். ஆறு மீட்டர் வரையிலான உத்தரத்துக்கு 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். கான்கிரீட் கல்லாவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். அதை அவசரப்படுத்த யாராலும் முடியாது. “பக்கத்துத் தெருவுல சைட்டு காத்திருக்கு, தட்டக் கழட்டிக் குடுங்க” என்று வாடகைக்காரர் நெருக்கும்போது, இன்னும் மூன்று நாள் வாடகையை நான் தருகிறேன் என்று சொல்லக்கூடியவர் யார்? மேஸ்திரியால் சொல்ல முடியாது. வீட்டுக்காரரால் மட்டுமே முடியும். அந்த மூன்று நாள் வாடகைக்கும் கீழே நிற்கும் சித்தாளின் உயிருக்கும் நடுவே முடிவெடுப்பவர் அவர்தான்.

அடுத்து வருவது, “விவசாயிக்கு என்ன தெரியும்? அவன் இன்ஜினியரா?” என்ற கேள்வி. கேட்கப் பணிவாக இருக்கிறது, ஆனால் பொய்யான பணிவு. கட்டடக்கலை அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தன் நிலம் அவருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். வேலைக்கு வருகிறவருக்கு அந்த நிலத்தில் ஒன்றுமே தெரியாது.

போர் கொட்டாயிலிருந்து வீட்டுக்கு மண்ணுக்கடியில் ஒயர் எந்த வழியாகப் போகிறது? அதை ஏழு வருஷத்துக்கு முன்னால் புதைத்தவருக்குத்தான் தெரியும். மும்முனைக் கரண்டு எந்த நேரத்துக்கு வரும்? மோட்டார் போடுகிறவருக்குத் தெரியும். வந்த ஆள் அணைந்து கிடக்கும் ஒயரைச் செத்த ஒயர் என்று நினைத்துத்தான் கையால் நகர்த்துவார். அப்பா காலத்துக் கிணற்றைக் குப்பையும் மண்ணும் போட்டு மூடிய இடம் எது? அதன் மேல்தான் இன்றைக்கு ஜே.சி.பி. நிற்கிறது. எந்த உத்தரம் உளுத்துப்போனது, எந்தச் சுவர் போன ஐப்பசி மழையில் விரிசல் விட்டது, எந்த மூலையில் பூச்சிமருந்து டப்பாக்கள் கிடக்கின்றன என்பதெல்லாம் இன்ஜினியரிங் கல்லூரியில் கற்றுத்தரும் விஷயங்களா? இவற்றை அறிந்தவர் ஒருவரே. அவர் வாயைத் திறந்து சொன்னால்தான் மற்றவருக்குத் தெரியும்.

போர் விஷயத்தில் கணக்கே போட்டுக் காட்டலாம். நம் வயல்களுக்கு மேலே குறுக்காகப் போகும் உறையில்லாத மின்கம்பிகள், 11,000 வோல்ட் வரைக்கும், தெரு இல்லாத இடங்களில் தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. கம்பி தொய்ந்து போகாமல் விதிப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போரிலிருந்து மோட்டாரைத் தூக்கும்போது மேலே வரும் குழாய் ஒன்று 20 அடி. அதாவது 6 மீட்டருக்கு மேல். நாலு பேர் சேர்ந்து பிடித்து அந்தக் குழாயை நிமிர்த்தும்போது அது கம்பியைத் தொட எந்தத் தவறும் நடக்க வேண்டியதில்லை. நிமிர்த்தினாலே தொடும். கம்பிக்கு நேர்கீழே போர் பாயிண்ட் குறித்தவர் யார்? தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்த்தவர் சொன்ன இடம்தான் என்று அங்கேயே ஊன்றியவர் நிலத்துக்காரர். மோட்டார் தூக்க வந்தவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அன்றைக்குக் காலையில்தான் அவர் அந்த வயலையே பார்க்கிறார். மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் அரைமணி நேரம் லைனை நிறுத்திக் கேட்க வேண்டியவர் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரே.

இன்னொன்றைக் கிட்டத்தில் காட்ட விரும்புகிறேன். மாட்டுக் கொட்டாய்க் கூரையில் கிடக்கும் பழைய சிமெண்ட் ஷீட். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று நாம் சொல்வது. பதினைந்து இருபது வருஷ வெயிலையும் மழையையும் தாங்கியபின் மேலே பாசி படிந்து கறுத்துக் கிடக்கும். கீழே நின்று பார்த்தால் கருங்கல் போல உறுதியாகத் தெரியும். ஆனால் ஒரு ஆளின் எடையை அது தாங்காது. ஷீட் உடையும் முன் வளையாது, முனகாது, எச்சரிக்காது. கால் வைத்த இடத்தில் அப்படியே பிளந்துகொள்ளும். கீழே இருப்பது சிமெண்ட் தரை, தவிட்டுத் தொட்டி, மாடு கட்டும் கல்முளை. பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து தலைகீழாக விழுந்தால் போதும். ஷீட்டை மாட்டியிருக்கும் ஜே போல்ட் வரிசை எங்கே தெரிகிறதோ அதற்கு நேர்கீழேதான் சட்டம் ஓடுகிறது. ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் பாலம் போலக் குறுக்காக இரண்டு பலகையைப் போட்டு, பலகை மேல்தான் நடக்க வேண்டும். இந்த இரண்டு பலகை எந்த உழவர் வீட்டில் இல்லை? டிராக்டர் டிரெய்லரில் மூட்டை ஏற்றப் போடுகிறோமே, அதே பலகை. அதை எடுத்துக் கொடுக்க மனசு வராமல் “பாத்துப் போப்பா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டு, விழுந்தபின் மேஸ்திரி பாடு என்றால் அதை ஏற்க முடியாது.

செப்டிக் டேங்க் இன்னும் கொடுமை. பழைய தொட்டியில் விஷவாயு இருக்கும் என்று இப்போது ஊரில் எல்லாருக்கும் தெரியும். புதுத் தொட்டியில் என்ன இருக்கப் போகிறது என்று நினைக்கிறார்கள். தளம் போட்டு மூடிய புதுத் தொட்டிக்குள் சென்ட்ரிங் மரமும் பலகையும் ஈரத்தில் ஊறிக் கிடக்கின்றன. அவை மக்கும்போது உள்ளே இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன. நல்ல காற்றில் அது ஏறக்குறைய 21 சதவீதம். அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டால் உள்ளே போனவர் கத்தக்கூட நேரம் இல்லாமல் சாய்வார். என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்து இறங்கும் இரண்டாமவரும் சாய்வார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் என்று செய்தித்தாளில் வருவதெல்லாம் இப்படி நடப்பதுதான். எல்லா மூடியையும் ஒரு நாள் முழுக்கத் திறந்துபோட்டு, காற்றை உள்ளே அடித்துவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்துக்கொண்ட பிறகே இறக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள்தான் இருக்கிறது என்று நெருக்குகிற வீட்டில் அந்த ஒரு நாள் கிடைப்பதில்லை.

சட்டத்தின் பக்கம் வருகிறேன். “பத்துப் பேருக்கு மேல வேலை செஞ்சாத்தான் சட்டம்” என்பார்கள். அதில் உண்மை உண்டு. 1996-இல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம் பத்து பேருக்குக் குறைவான இடங்களை விட்டுவிட்டது. சொந்தக் குடியிருப்பைப் பத்து லட்சத்துக்குள் கட்டுகிறவரையும் விட்டுவிட்டது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் 12 அடி உயரக் கட்டட வேலையையும் கிணறு, போர் வேலையையும் தன் பட்டியலில் வைத்திருந்தது. ஆனால் ஒப்பந்தத்துக்கு விட்டவரைப் பொறுப்பாக்க வேண்டுமானால், அந்த வேலை அவருடைய தொழிலின் பகுதியாக இருக்க வேண்டும் என்றது. உழவனுக்கு வீடு கட்டுவது தொழில் அல்ல என்று வக்கீல் வாதாட அங்கே இடம் இருந்தது. 2020-இல் இயற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் இவை வந்த பிறகும் சின்னச் சின்ன வேலையிடங்களுக்கு அரசாங்கத்தின் கண் எட்டவில்லை. ஓட்டை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தில் ஓட்டை இருப்பதாலேயே அந்த வழியாக நழுவுவது நியாயம் ஆகிவிடுமா?

மேலும், நழுவ முடியாத இடங்களும் பல உண்டு. மலக்குழி, செப்டிக் டேங்க் இவற்றைப் பாதுகாப்பில்லாமல் சுத்தம் செய்ய மனிதரை இறக்குவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ யாரும் அப்படி வேலைக்கு அமர்த்தக் கூடாது என்கிறது. அங்கே மேஸ்திரியின் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது. சாக்கடைக் குழி மரணங்களுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2010-இல் விதித்த நெறிகளைப் பாருங்கள். போர் போடுவதற்கு 15 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டியவர் நிலத்தின் உரிமையாளர். வேலை நடக்கும் இடத்தில் வைக்கும் பலகையில் போர் வண்டிக்காரர் முகவரியோடு உரிமையாளர் முகவரியும் இருக்க வேண்டும். சுற்றிலும் வேலி, குழாயைச் சுற்றி சிமெண்ட் மேடை. தமிழ்நாடு அரசு 2015-இல் ஊராட்சிகளுக்குத் தனி விதியே கொண்டுவந்தது. அப்படியிருந்தும் 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை பழைய போர் குழிக்குள் போய்ச் சேர்ந்ததை நாடே தொலைக்காட்சியில் நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனியார் சுற்றுச்சுவர் வீடுகள் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். போலீஸ் கைது செய்தது சுவரின் உரிமையாளரை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, கட்டடத்தை இடிக்கும்போதும் பழுது பார்க்கும்போதும் அது விழுந்து உயிருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறினால் குற்றம் என்ற பழைய பிரிவில் ‘கட்டும்போதும்’ என்பதையும் சேர்த்திருக்கிறது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரிய வேண்டும். அங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் தொழிலாளி என்றால் யார் என்று விளக்கியிருந்த விதம் முக்கியமானது. நேராக அமர்த்தியவர் மட்டும் அல்ல, ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரும் தொழிலாளியே. முதலாளிக்குத் தெரிந்து வந்தாலும் தெரியாமல் வந்தாலும் தொழிலாளியே. ‘அது காண்ட்ராக்டர் ஆள்’ என்ற சாக்கைச் சட்டம் எப்போதோ கேட்டுச் சலித்துவிட்டது. பீங்கான் சூளையில் வேலை செய்யும் ஒருவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை லீவில் அவரே பெண்ணாடத்துக்கு வந்து நம் வீட்டுத் தளத்துக்குக் கலவை சுமந்தால் பாதுகாப்பு இல்லையா? அவர் எலும்பு வாரத்துக்கு ஆறு நாள் மட்டும் விலையுள்ளதா?

மறுப்பவர்கள் சொல்வதில் எனக்கு உண்மையிலேயே கனமாகத் தெரிவது ஒன்று உண்டு. விவசாயியே கடனில் தவிக்கிறான், அவன் தலையில் இன்னொரு சுமையா என்பது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர்தான், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வரும் மூன்றரை லட்சத்தை நம்பி வீடு கட்டுகிறவர் கையில் என்ன மிஞ்சும்? கரும்புப் பணம் நிலுவையில் கிடக்கும்போது பாதுகாப்புக்கு எங்கே போவது?

பதில் சொல்கிறேன். நான் மேலே எழுதியவற்றைத் திரும்பப் பாருங்கள். ஒயர் போகும் வழியைக் காட்டுவதற்குச் செலவு இல்லை. போர் பாயிண்டைக் கம்பியிலிருந்து தள்ளிக் குறிப்பதற்குச் செலவு இல்லை. பலகை வீட்டிலேயே இருக்கிறது. தொட்டி மூடியை ஒரு நாள் திறந்துவைக்கக் காசு வேண்டாம். தலைக்கவசம் ஒன்று ஒரு மூட்டை சிமெண்ட் விலைக்குள் வாங்கலாம். பிரதமர் விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். வேலைக்கு வரும் எட்டுப் பேருக்கும் கட்டினால் 160 ரூபாய். தளம் போடும் அன்றைக்குப் போடும் கறிச்சோற்றில் ஒரு கிலோ கறிக்கு இதைவிட அதிகம் ஆகும். பெரும்பாலான விபத்துகளைத் தடுக்கத் தேவைப்படுவது அவசரப்படாமை. அதற்கு ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முக்கால் ஹெக்டேர் வைத்திருப்பவர் ஏழை என்றால், ஒரு சென்ட்டும் இல்லாமல் அவர் வீட்டுச் சாரத்தில் ஏறுகிறவர் யார்? ஏழ்மையைக் காரணம் காட்டி நம்மைவிட ஏழையின் மேல் ஆபத்தை இறக்கி வைக்க நமக்கு என்ன உரிமை? ஆலை பாக்கி வைத்தால் நாம் ரோட்டில் உட்காருகிறோம். ‘எங்களுக்கே நஷ்டம்’ என்று ஆலைக்காரர் சொன்னால் ஏற்கிறோமா?

“அவங்களே ஹெல்மெட் போட மாட்டேங்கறாங்க, குடிச்சிட்டு ஏறறாங்க” என்று இன்னொரு பேச்சு. இந்தப் பேச்சு எனக்குக் கோபமூட்டுகிறது. நம் மாவட்டத்துப் பையன்கள் எத்தனை பேர் சிங்கப்பூர்க் கட்டுமான வேலையில் இருக்கிறார்கள்! அங்கே பாதுகாப்புப் பயிற்சி முடிக்காமல் சைட்டுக்குள் கால் வைக்க முடியாது. பெல்ட், கவசம், பூட்ஸ் எல்லாம் ஒழுங்காகப் போடுகிறார்கள். ஊருக்கு வந்து மச்சான் வீட்டுக் கொட்டாய்க்கு ஏறும்போது அதே பையன் வெறுங்காலோடு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறுகிறான். ஆள் மாறவில்லை. அங்கே வேலை கொடுப்பவர் கேட்கிறார், இங்கே யாரும் கேட்பதில்லை. குடி விஷயமும் அப்படித்தான். தளம் போடும் அன்று மதியமே பாட்டில் வாங்கிவைத்து, “சீக்கிரம் முடிங்க, இருக்கு” என்று ஆசை காட்டுகிற வீடுகள் எத்தனை? வாங்கிக் கொடுத்தவரே பிறகு குடிகாரன் விழுந்தான் என்று வாக்குமூலம் கொடுப்பது அறமில்லாத செயல்.

விழுந்தபின் நடப்பதையும் பேசாமல் விட முடியாது. வேலை கொடுப்பவர் பெரும்பாலும் ஊர்த்தெருக்காரர், ஏறுகிறவர் பெரும்பாலும் காலனிக்காரர். பெண்ணாடத்தைச் சுற்றிய கிராமங்களை அறிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். இறந்தவர் வீட்டில் அழுகை ஓயும் முன்பே இரண்டு மூன்று பெரியவர்கள் போய், “கேஸு கீஸுன்னு அலையாதீங்க, பேசி முடிச்சுக்கலாம்” என்று தொடங்குவார்கள். காரியத்துக்கு ஒரு தொகை, பிறகு கொஞ்சம் என்று முடியும். கையெழுத்துப் போடும் பெண்ணுக்கு அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. நாளைக்கு அதே தெருவில் களை எடுக்கப் போக வேண்டியவள், என்ன பேசுவாள்? ‘மேஸ்திரி பாடு’ என்ற சொல் இந்தச் சமாதானத்துக்குப் போடும் அடித்தளம். பேரம் தொடங்கும் முன்பே நிலத்துக்காரரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. அதன்பின் அவர் கொடுப்பது எவ்வளவானாலும் கருணையாகிவிடுகிறது, கடமை என்ற பேச்சே எழுவதில்லை.

இந்த ஊருக்கு வேறொரு மரபு உண்டு. பெரியபுராணம் சொல்லும் அறுபத்துமூவரில் கலிக்கம்ப நாயனார் பெண்ணாடத்துக்காரர். தூங்கானைமாடம் கோயிலுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த வரலாறு அது. தன் வீட்டில் முன்பு வேலை செய்தவர் அடியாராக வந்து நின்றபோது, மற்றவர்களுக்குச் செய்தது போலவே அவர் காலையும் கழுவினார். தயங்கிய மனைவியின் கையை வெட்டினார் என்று கதை போகிறது. அந்தப் பகுதியை நான் ஏற்கவில்லை, இந்தக் காலத்தில் யாரும் ஏற்கக் கூடாது. ஆனால் பணியாளாக இருந்தவர் பாதத்துக்கும் அதே மரியாதை என்பது நம் ஊர்க் கோயில் சொல்லும் செய்தி. வருஷத்துக்கு ஒருமுறை அதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அப்படிப்பட்ட ஊரில், சாரத்தில் நிற்கும் கால் வழுக்கினால் எனக்கென்ன என்று கேட்க நமக்கு நாக்கு எப்படி எழுகிறது?

பிற நாட்டு உழவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதும் தெரிய வேண்டும். பிரிட்டனில் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டுமான வடிவமைப்பு, மேலாண்மை ஒழுங்குமுறையில், பண்ணைக் கட்டடம் எழுப்பும் விவசாயி வேலை கொடுப்பவர் என்ற முறையில் பொறுப்பாளர். தான் குடியிருக்கும் வீட்டைக் கட்டுகிறவருக்குச் சலுகை உண்டு. மாட்டுக் கொட்டாய், தானியக் கிடங்கு என்று தொழிலுக்காகக் கட்டினால் கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பந்ததாரர்கள் வேலை செய்கிற இடத்தில், இன்னார்தான் முதன்மை ஒப்பந்ததாரர் என்று எழுத்தில் நியமிக்க வேண்டும். நியமிக்காவிட்டால் அந்தக் கடமை நேராக விவசாயி தலையிலேயே வந்து உட்காரும். சும்மா வாயால் ‘விட்டுவிட்டேன்’ என்று சொன்னால் அங்கே செல்லாது. அந்த நாட்டு உழவர்களும் முதலில் முணுமுணுத்தார்கள். விவசாயம் அழிந்துபோய்விடவில்லை.

பொறுப்பு விவசாயிக்கு மட்டும் என்று நான் சொல்லவில்லை. மேஸ்திரிக்கு உண்டு, போர் வண்டிக்காரருக்கு உண்டு. தொய்ந்த கம்பியை வருஷக்கணக்கில் தொங்கவிடும் மின்வாரியத்துக்கு உண்டு. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தை நல நிதிக்கு வாங்கிக்கொண்டு, கிராமத்துச் சைட்டுகளை எட்டிப் பார்க்காத அரசாங்கத்துக்கு நிச்சயம் உண்டு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. பதிவு செய்யாத சித்தாள்கள் இன்னும் எத்தனையோ பேர். ஆனால் பலருக்குப் பொறுப்பு இருப்பதால் நம் பங்கு கரைந்துபோகாது. இத்தனை பேரில் நாள் முழுக்க அந்த இடத்தில் இருப்பவரும், ‘நிறுத்து’ என்றால் எல்லாரும் நிறுத்தக்கூடிய ஒரே ஆளும் நிலத்துக்காரர்தான்.

விவசாயச் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். கரும்பு விலைக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் தீர்மானம் போடும் கூட்டத்தில் இதற்கும் ஒரு தீர்மானம் போடுங்கள். லேபர் காண்ட்ராக்ட் பேசும்போது வெள்ளைத்தாளில் எழுதுகிற கணக்கில், சதுர அடி விலைக்குக் கீழே, வேலையாட்கள் பெயர், அவர்களுடைய வாரிய எண், காப்பீடு, தட்டு பிரிக்கும் தேதி ஆகியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். ஊராட்சி மன்றங்கள் கட்டட அனுமதி கொடுக்கும்போதே அந்தத் தாளைக் கேட்கலாம்.

தை பிறந்து அறுப்பு முடிந்ததும் நம் பக்கத்தில் மறுபடியும் வேலைகள் தொடங்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு மனையை ஒருமுறை சுற்றி வாருங்கள். மேலே போகும் கம்பியைக் கையால் காட்டுங்கள். ஒயர் புதைத்த வழியில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். பழைய ஷீட்டைத் தொடும் முன் பலகை எடுத்துக் கொடுங்கள். தொட்டிக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது என்று நீங்களே நின்று சொல்லுங்கள். வேலைக்கு வருகிறவர்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.